பேரன் என்கிற இடம்

கோடியக்கரைப் பக்கம் ஒரு வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு. 'பாட்டன் சொத்து பேரனுக்கு. இதுல பேச என்ன இருக்கு?' என்றார் பெரியவர். அவர் சொன்னது மகன் வயிற்றுப் பேரனை. மகள் வயிற்றுப் பேரனும் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அம்மா அடுப்படியில் நின்றாள்.

'பெயரன்' என்பதே பேரன். பாட்டன் பெயரைச் சுமப்பவன். சோழர்கள் இதை ராஜ்ஜிய ஏற்பாடாகவே வைத்திருந்தார்கள். ஒருவர் ராஜகேசரி என்றால் அடுத்தவர் பரகேசரி, அதற்கடுத்தவர் மறுபடி ராஜகேசரி. தகப்பன், மகன் என்று வரிசை பிசகாமல் போனால் பாட்டனின் பட்டம் பேரனுக்கு வந்து சேரும். பழைய சீனத்திலும் இதே தர்க்கம். மூதாதையர் கோயிலில் ஒரு தலைமுறை இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். பாட்டனும் பேரனும் ஒரே பக்கம். சடங்கில் செத்த பாட்டனாக அமர்ந்து படையலை வாங்கிக்கொண்டவனும் பேரன்தான். ஆக, பேரன் என்பது ஒரு ஆள் அல்ல, ஒரு இடம். அந்த இடத்தில் யார் ஏறி உட்காருகிறார்கள் என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வு பேரரசரின் மூத்த மகன் 1392இல் இறந்தான். 1398இல் பாட்டனுக்குப் பின் பேரன் ஜியான்வென் பட்டமேறினான். சித்தப்பா சும்மா இருப்பாரா? 1399இல் கலகம், 1402இல் நான்ஜிங் விழுந்தது, அரண்மனை எரிந்தது. பேரன் செத்தானா தப்பினானா என்பது இன்றுவரை தீராத வழக்கு. யோங்லெ என்ற பெயரில் அரியணை ஏறிய சித்தப்பா பேரனின் ஆட்சியையே கணக்கிலிருந்து அழித்தார். 1402ஆம் வருஷம் ஹோங்வுவின் 35ஆம் ஆட்சியாண்டாக எழுதப்பட்டது. செத்த பாட்டன் நாலு வருஷம் கூடுதலாக ஆண்டார்! இதே யோங்லெயின் கப்பல்கள்தாம் 1409 தேதியிட்ட, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் வெட்டிய கல்லை இலங்கையின் காலிக்குக் கொண்டுவந்தன.

நம் பக்கக் கதை 1070இல். வீரராஜேந்திரனுக்குப் பின் வந்த அதிராஜேந்திரன் சில மாதங்களில் இறந்துபோனான். அரியணை ஏறியவன் வேங்கிச் சாளுக்கியன் மகன். தாய் அம்மங்கை, முதலாம் ராஜேந்திரனின் மகள். பாட்டன் பெயரையே தாங்கியிருந்த இந்த ராஜேந்திரன்தான் பின்னால் முதலாம் குலோத்துங்கன் ஆனான். அதிராஜேந்திரன் எப்படிச் செத்தான் என்பதில் பிரதிகள் ஒத்துப்போவதில்லை. மேலைச் சாளுக்கிய அரசவைக் கவி பில்ஹணர் கலகத்தில் என்கிறார். கலிங்கத்துப்பரணி அப்படி ஒருவன் ஆண்டதாகவே காட்டிக்கொள்வதில்லை. நாடு சீரழிந்தது, குலோத்துங்கன் வந்து காத்தான் என்று முடித்துக்கொள்கிறது. ஆனால் கல்வெட்டு வேறு சொல்கிறது. அதிராஜேந்திரன் பரகேசரி, குலோத்துங்கன் ராஜகேசரி. பரணி விழுங்கிய ஆட்சியைப் பட்டத்தின் வரிசை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. குலோத்துங்கன் சோழன் ஆனது தாய் வழியில். தகப்பன் வழியில் அவன் சாளுக்கியன். வாரிசு இல்லாமல் அரியணை ஆடியபோது மகள் வயிற்றுப் பேரன் செல்லுபடியானான். அப்புறம் மறுபடி மகன், மகன் வயிற்றுப் பேரன். அம்மங்கை வழியைத் திறந்துவிட்டாள். அரியணையில் அவளுக்கு இடமில்லை. ஆக, தந்தைவழி என்பது இயற்கையோ ரத்தமோ அல்ல. அதிகாரத்துக்குத் தேவைப்படும்போது தளர்ந்து கொடுக்கும், தேவை தீர்ந்ததும் இறுகிக்கொள்ளும் விதி அது.

தமிழ்நாட்டில் 1989இல் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்தார்கள்; அப்போதே கல்யாணமாகிப் போனவர்களை விலக்கிவிட்டு. 2005இன் மத்தியத் திருத்தத்தில்தான் அந்தப் பாகுபாடு போனது. சட்டம் மாறிவிட்டது, திண்ணைப் பேச்சு மாறவில்லை. 'பாட்டன் சொத்து பேரனுக்கு' என்று யாராவது சொன்னால், எந்தப் பேரனுக்கு, நடுவில் இருக்கிற பொம்பளைக்கு என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அந்தத் திண்ணையில் நானும் கேட்கவில்லை.