மழைக்கு முன்பே தொடங்கும் நடவு

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மரக்கன்று நட ஏற்ற காலம் வடகிழக்குப் பருவமழைக் காலம். அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும் இந்த மழைதான் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருகிறது. ஐப்பசியில் நட்ட கன்று பங்குனி வெயிலுக்குள் வேர் பிடித்துவிடும். ஆனால் நாற்றங்கால் வைத்திருப்போருக்கும், கன்று நட்டுப் பராமரித்துக் கொடுப்போருக்கும் மழை தொடங்கும்போது பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

விதையில் தொடங்குகிறது கணக்கு. வேப்பம்பழம் ஆனி, ஆடியில் பழுத்து உதிரும். அதன் விதைக்குச் சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும் என்பதால், சதையைக் கழுவி நிழலில் உலர்த்திக் கையோடு விதைத்தாக வேண்டும். இந்த ஆடியில் முளைத்தது இந்த ஐப்பசிக்கே நடும் அளவு தேறாது. அடுத்த ஐப்பசிக்குத்தான் விற்பனைக்கு வரும். அதாவது, ஓராண்டு முன்னதாகவே தேவையைக் கணித்து வைக்க வேண்டிய தொழில் இது. பைகளில் செம்மண் இரண்டு பங்கு, மணலும் மக்கிய தொழு உரமும் தலா ஒரு பங்கு என நிரப்புவது பரவலான வழக்கம்.

ஆவணி, புரட்டாசியில் கன்றுகளை வெயிலுக்குப் பழக்குவார்கள். நிழல்வலையை விலக்கி, தண்ணீரைக் குறைத்து, பைகளை இடம் மாற்றி வைப்பார்கள். அப்போது பையைத் துளைத்துத் தரையில் இறங்கிய வேர்கள் அறுபடும். பைக்குள் புது வேர் விடும். இதைச் செய்யாத நாற்றங்காலில் வாங்கிய கன்று நட்ட வாரமே வாடித் தொங்கும்.

வாங்குவோர் உயரமான கன்றைத்தான் கேட்கிறார்கள். சின்னப் பையில் நெடுநெடுவென வளர்ந்த கன்று பெரும்பாலும் ஏமாற்றம்தான். பையைக் கிழித்துப் பார்த்தால் அடியில் வேர் வட்டமாகச் சுருண்டு கிடக்கும். அப்படியே நட்டால் வேர் அந்தச் சுருளிலேயே தடித்து, மரம் பிற்காலத்தில் காற்றுக்குச் சாயக்கூடும். சுருண்ட நுனிகளை நறுக்கிவிட்டு நடலாம். தண்டு தடித்த குட்டைக் கன்றைத் தேர்ந்தெடுப்பது அதைவிட நல்லது.

குழி வெட்டும் வேலையை மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். சாதாரணமாக ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் போதும். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, குழியைச் சில வாரம் வெயிலில் ஆறவிட்டு, அந்த மண்ணோடு தொழு உரம் கலந்து நிரப்புவார்கள். தண்ணீர் தேங்கும் களிமண் நிலத்தில் மேடு கட்டி அதன்மேல் நடுவதே சரி.

வளர்ந்த மரங்களையும் இதே மாதங்களில் கவனித்தாக வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. காய்ந்த, விரிசல் கண்ட கிளைகளை மழைக்கு முன் கவாத்து செய்வது அவசியம். மொத்தமாக மொட்டையடிப்பது கவாத்தே அல்ல.

கடைசியாக விலை. நட்டதில் கொஞ்சம் பட்டுப்போவது இயல்பு; அதற்கு மாற்றுக் கன்றும், முதல் கோடைக்கான தண்ணீர்ச் செலவும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். நடவுக் கூலியை மட்டும் சொல்லி மலிவாக எடுக்கும் வேலை சித்திரையில் காய்ந்துவிடும். கன்று நட நினைப்போர் ஐப்பசி வரை காத்திராமல் ஆடியிலேயே நாற்றங்காலில் சொல்லி வைப்பது நல்லது.