எந்தக் கருவி எதற்கு?

பெங்களூரு நகரில் மல்லேசுவரத்தை அடுத்து இந்திய அறிவியல் கழகம் அமைந்துள்ளது. இன்று மாணவர் பலர் பயன்படுத்தும் பலகைக் கணினிக்கு நெருங்கிய உறவான ஒரு கருவி, ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்னர் இங்குதான் உருப்பெற்றது. அதன் பெயர் சிம்ப்யூட்டர். எளியது, விலை குறைந்தது, பல மொழி அறிந்தது, மக்களுக்கு உரியது என்னும் பொருள்களைத் தரும் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அப்பெயர் விளக்கப்பட்டது.

பெங்களூருவில் பிறந்த கையடக்கக் கணினி

வளரும் நாடுகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் எவ்வாறு பயன்படும் என்பதை ஆராயும் கருத்தரங்கு ஒன்று 1998-ஆம் ஆண்டு பெங்களூருவில் நடைபெற்றது. அங்கு எழுந்த எண்ணமே சிம்ப்யூட்டருக்கு வித்தாயிற்று. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், இரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் என்னும் மென்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்த வினய் தேஷ்பாண்டே முதலிய பொறியாளர்களும் இணைந்து பணியாற்றினர். 2001-ஆம் ஆண்டு அதன் முன்மாதிரி வெளியிடப்பட்டது.

உள்ளங்கையில் அடங்கும் அக்கருவிக்கு விசைப்பலகை கிடையாது. திரையைச் சிறு கோலால் தொட்டே அதனை இயக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்பெறும் வகையில், திரையில் உள்ள எழுத்தை இந்திய மொழிகளில் ஒலியாக மாற்றும் வசதி அதில் சேர்க்கப்பட்டது. ஒவ்வொருவரும் தனித்தனியே கருவி வாங்க இயலாது என்பதையும் அதை வடிவமைத்தோர் எண்ணிப் பார்த்தனர். ஒருவர் தமக்குரிய நுண்ணட்டையைச் செருகினால், அவருடைய தகவல்கள் மட்டும் திரையில் தோன்றும். அட்டையை எடுத்துவிட்டால் அடுத்தவர் தம் அட்டையைச் செருகலாம். இவ்வாறு ஊருக்கு ஒரு கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ள முடியும் என்று கருதினர்.

2004-ஆம் ஆண்டு, பெங்களூரு ஜாலஹள்ளியில் உள்ள பாரத் மின்னணு நிறுவனம் 'அமிதா' என்னும் பெயருடைய சிம்ப்யூட்டரைத் தயாரித்தது. கருவியைச் சாய்த்தால் அதனை உணர்ந்து செயல்படும் உறுப்பும் அதில் இருந்தது. ஆயினும் எதிர்பார்த்த அளவில் அது விற்பனையாகவில்லை. விலை சுமார் பத்தாயிரம் ரூபாயைத் தொட்டது. அதே காலத்தில் கைப்பேசியோ நாளுக்கு நாள் விலை குறைந்து ஊரெங்கும் பரவியது. கருவி சிறந்ததாக இருந்தால் மட்டும் போதாது. அது யாருக்கு, எந்தப் பணிக்கு, என்ன விலையில் கிடைக்கிறது என்பதும் முக்கியம் என்பதைச் சிம்ப்யூட்டரின் வரலாறு உணர்த்துகிறது.

மூன்று உறவினர்கள்

2007-ஆம் ஆண்டின் இறுதியில் இருவகைக் கருவிகள் ஏறத்தாழ ஒரே வேளையில் சந்தைக்கு வந்தன. தைவான் நாட்டு அசுஸ் நிறுவனம் ஏழு அங்குலத் திரை கொண்ட சிறு மடிக்கணினியை வெளியிட்டது. அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் நூல்களைப் படிப்பதற்கென்றே 'கிண்டில்' என்னும் மின்படிப்பானை வெளியிட்டது. 2010-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் 'ஐபேட்' வந்தபின், டேப்லெட் எனப்படும் பலகைக் கணினி உலகெங்கும் பரவியது. இம்மூன்றும் தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்திருந்தாலும், அவற்றின் இயல்பு வேறு வேறு.

திரையின் இரகசியம்

பலகைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பெரும்பாலும் நீர்மப் படிகத் திரையே உள்ளது. திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் ஒளிர்கிறது. அவ்வொளியைப் படிகங்கள் ஓரிடத்தில் தடுத்தும் ஓரிடத்தில் விடுத்தும் படத்தை அமைக்கின்றன. வண்ண வடிகட்டிகள் நிறம் தருகின்றன. படம் நொடிக்குப் பலமுறை புதுப்பிக்கப்படுவதால் திரைப்படமும் விளையாட்டும் தடையின்றி ஓடுகின்றன. ஆனால் ஒரே பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மின்கலம் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

மின்படிப்பானின் திரை மின்மை என்னும் முறையில் இயங்குகிறது. அத்திரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்கள் நிறைந்துள்ளன. ஒவ்வொரு குமிழிலும் வெண்துகள்களும் கருந்துகள்களும் நீர்மத்தில் மிதக்கின்றன. ஒருவகைத் துகளுக்கு நேர்மின்னூட்டமும் மற்றதற்கு எதிர்மின்னூட்டமும் உண்டு. மின்புலம் மாறும்போது ஒருவகை மேலே வரும். மற்றது கீழே செல்லும். வெண்துகள்கள் மேலே வந்த இடம் தாள்போல் வெளுத்திருக்கும். கருந்துகள்கள் வந்த இடம் எழுத்தாகும். துகள்கள் ஒருமுறை இடம் மாறியபின் மின்சாரம் இல்லாமலேயே அங்கு நிலைத்து நிற்கும். பக்கத்தைப் புரட்டும்போதுதான் திரைக்கு மின்சாரம் தேவை. ஆகவே ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் படிக்கலாம்.

மேலும், அத்திரை தாளைப் போலவே வெளியொளியைத் திருப்பி அனுப்புகிறது. அல்சூர் ஏரிக்கரையில் நண்பகல் வெயிலில் அமர்ந்தாலும் எழுத்துத் தெளிவாகத் தெரியும். பலகைக் கணினியின் திரையோ அவ்வெயிலில் மங்கிவிடும். அதேவேளை, துகள்கள் மெதுவாக நகர்வதால் மின்மைத் திரை திரைப்படத்திற்கு ஏற்றதன்று.

இருவகைத் திரையின் நன்மையையும் ஒன்றுசேர்க்கும் முயற்சியும் பெங்களூருவில் நடந்தது. நோஷன் இங்க் என்னும் இந்நகர நிறுவனம் 2011-ஆம் ஆண்டு 'ஆடம்' என்ற பலகைக் கணினியை அனுப்பத் தொடங்கியது. அதன் ஒருவகையில் பிக்சல் கீ என்னும் திரை பொருத்தப்பட்டது. பின்விளக்கை அணைத்துவிட்டால் அத்திரை வெளியொளியிலேயே கறுப்பு வெள்ளையாகத் தெரியும். விளக்கை ஏற்றினால் வண்ணத் திரையாக மாறும்.

தமிழ் படிக்கவும் எழுதவும்

அயல் மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இக்கருவிகள் தனிப் பயன் தருகின்றன. பெங்களூருவில் எல்லாக் கடைகளிலும் தமிழ் நூல்கள் கிடைப்பதில்லை. ஆனால் 1998-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதலான நூல்களைக் கணினியில் ஏற்றி யாவருக்கும் இலவசமாக வழங்கியுள்ளனர். தமிழ் இணையக் கல்விக்கழகமும் மின்னூலகம் ஒன்றை நடத்துகிறது.

இந்நூல்களைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். சில மின்னூல்கள் அச்சுப் பக்கத்தின் படமாகவே இருக்கும். ஆறு அங்குல மின்படிப்பானில் அப்பக்கம் முழுவதும் சுருங்கித் தோன்றும். 'ணு', 'னு', 'ஞூ' போன்ற எழுத்துகளை அதில் பிரித்தறிவது கடினம். வேறு சில மின்னூல்களில் உண்மையான எழுத்துகளே இருக்கும். அவற்றில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால், வரிகள் தாமாகவே திரைக்கு ஏற்ப மடங்கிக்கொள்ளும். கிண்டிலில் தமிழ் மின்னூல்கள் 2016-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அறிமுகமாயின. பக்கப் படமாக உள்ள நூலைப் படிக்கப் பத்து அங்குலப் பலகைக் கணினியே ஏற்றது.

எழுதுவதற்கு நிலைமை மாறுகிறது. பலகைக் கணினியில் தொடு விசைப்பலகை தோன்றும்போது திரையின் பெரும்பகுதி மறைந்துவிடும். ஓரிரு வரி எழுத அது போதும். ஒரு கட்டுரை எழுத மடிக்கணினியின் விசைப்பலகையே உதவும். தமிழ்நாட்டு அரசு 1999-ஆம் ஆண்டு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் 12 உயிர், 18 மெய்வரிசை எழுத்துகள், ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளுக்குத் தனித்தனி விசைகள் உண்டு. 'க', 'இ' என்னும் விசைகளை அடுத்தடுத்து அழுத்தினால் 'கி' தோன்றும். இம்முறை தமிழின் உயிர்மெய் இலக்கணத்தையே பின்பற்றுகிறது. ஆகவே அதில் தட்டச்சுப் பழகும் மாணவர் எழுத்துகளின் சேர்க்கையையும் உடன் கற்றுக்கொள்கிறார்.

தேர்ந்தெடுக்கும் முறை

நெடுங்கதையும் வரலாறும் படிப்பதே நோக்கமாயின் மின்படிப்பான் சிறந்தது. அதில் விளையாட்டும் செய்தி ஒலியும் குறுக்கிடா; கவனம் நூலிலேயே நிற்கும். படம், காணொளி, இணைய வகுப்பு, வரைதல் ஆகியவற்றுக்குப் பலகைக் கணினி ஏற்றது. கட்டுரை எழுதுதல், கணக்கிடுதல், நிரல் எழுதுதல் ஆகியவற்றுக்கு மடிக்கணினி வேண்டும். மூன்றையும் வாங்க எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. அந்நிலையில், மிகுதியாகச் செய்யும் பணி எது என்று முதலில் கேட்டு, அதற்குரிய கருவியைக் கொள்வதே அறிவுடைமை. வீட்டில் உள்ள ஒரு கருவியை உடன்பிறந்தோர் முறைவைத்துப் பயன்படுத்துவதும் சிறப்பே. சிம்ப்யூட்டரை உருவாக்கியோர் நுண்ணட்டையின் மூலம் நாடியதும் அத்தகைய பகிர்வையே ஆகும்.

வாங்கும் முன் கடையிலேயே ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். எழுத்து உடையாமல் தெரிகிறதா, அளவைப் பெரிதாக்க முடிகிறதா, தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா என்று சோதித்தல் வேண்டும். எத்துணைச் சிறப்புகள் இருப்பினும், தாய்மொழியைக் காட்டத் தெரியாத கருவி ஒரு தமிழ் மாணவருக்குப் பாதிப் பயனே தரும்.

சொற்பொருள்

வித்து – விதை, தொடக்கம்
முன்மாதிரி – முதலில் செய்து பார்க்கும் மாதிரிக் கருவி
நீர்மம் – திரவம்
மின்மை – மின்சாரத்தால் இயங்கும் மை
காணொளி – வீடியோ

வினாக்கள்

1. சிம்ப்யூட்டரில் நுண்ணட்டை எதற்காகப் பயன்பட்டது?
2. மின்படிப்பானின் மின்கலம் வாரக்கணக்கில் நீடிப்பது ஏன்?
3. பக்கப் படமாக உள்ள மின்னூலுக்கும் எழுத்தாக உள்ள மின்னூலுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
4. உங்கள் வீட்டிற்கு ஒரு கருவி மட்டுமே வாங்க இயலும் எனில் எதனைத் தேர்ந்தெடுப்பீர்கள்? காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.