நம்மை ஆளும் ஜாகீர்தார்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேற்கே போகும் சாலையில், சிறிது தூரம் வரையில் இரு புறமும் கரும்புத் தோட்டங்கள் தொடர்ந்து வருகின்றன. அப்புறம் கோமுகி அணை. அதுவரையில் அடிவானத்தில் ஒரு நீலக் கோடாகத் தெரிந்த கல்வராயன் மலை, அணையைத் தாண்டியதும் எதிரிலே வந்து நிற்கிறது. பாதை வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. வெள்ளிமலை போய்ச் சேரும்போது, கீழே அடித்த வெயில் வேறு, இங்கே அடிக்கும் வெயில் வேறு என்றே தோன்றும். இந்த மலையில் பிறக்கும் கோமுகியாறு மணிமுத்தாற்றுடன் கலக்கிறது. மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டைக்கு அருகில் கடலை அடைகிறது.

இப்படித் தொடங்குவதைக் கண்டு, இது மலைக் காட்சிகளைப் பற்றிய கட்டுரை என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். மேகம் அருவியும் பெரியார் அருவியும் அங்கே இருக்கத்தான் இருக்கின்றன, பார்க்க வேண்டியவைதான். ஆனால் நாம் சொல்ல வந்தது ஒரு மனிதனுடைய ஒரு நாள் பொழுதைப் பற்றி. காலையில் எழுந்திருப்பது முதல் இரவில் படுக்கும் வரையில் உள்ள அந்தப் பொழுது யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கல்வராயன் மலையைக் காட்டிலும் தகுந்த இடம் தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது.

மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். பெயரைக் கண்டு கேரளத்தாரோ என்று மயங்க வேண்டியதில்லை. அவர்களுடைய தாய்மொழி தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து, கடுக்காயும் புளியும் தேனும் சேகரித்து ஜீவித்தவர்கள். 'மலையை ஆளுகிறவர்கள்' என்றும் அந்தப் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் அவர்கள் மலையை ஆண்டது பெயரளவில்தான். மலையை உண்மையில் ஆண்டவர்கள் மூன்று ஜாகீர்தார்கள். சடையக் கவுண்டன் ஜாகீர், குரும்பக் கவுண்டன் ஜாகீர், ஆரியக் கவுண்டன் ஜாகீர் என்று மலை மூன்றாகப் பிரிந்திருந்தது. குடிகள் ஜாகீர்தாருக்கு வரி செலுத்த வேண்டும். அதோடு போகாது. அவருடைய நிலத்தில் கூலி வாங்காமல் உழைக்கவும் வேண்டும். தன் வயலில் விதைக்க வேண்டிய பருவத்திலேயே ஆள் வரச் சொல்லி உத்தரவு வந்தால், தன் வயலை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி இந்தியா சுதந்திரம் அடைந்தது. மறு வருஷமே சென்னை மாகாணத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1950ஆம் ஆண்டில் அமுலுக்கு வந்த அரசியல் சாசனம், தன் 23ஆவது பிரிவில் வெட்டி வேலை வாங்குவதைக் குற்றம் என்று விலக்கியது. இவ்வளவும் நடந்த பிறகும் கல்வராயன் மலையில் ஜாகீர் ஆட்சி நீடித்தது! 1976ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் அரசாங்கம் அந்த ஜாகீர்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. நாடு சுதந்திரம் பெற்று ஏறக்குறைய 29 ஆண்டுகள் கழித்தே அந்த மலையின் குடியானவனுக்கு அவனுடைய நாள் திரும்பக் கிடைத்தது.

இதைக் கேட்டதும் நமக்கெல்லாம் கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து, நம்முடைய சொந்த நாளையும் சற்று உற்றுப் பார்க்கலாம் அல்லவா?

காலையில் கண் முழுதும் திறப்பதற்கு முன்பே கை தலையணை ஓரத்தில் கைப்பேசியைத் தேடுகிறது. அதை எடுக்க வேண்டும் என்று நாம் தீர்மானம் செய்தோமா? இல்லை, கை தானாகப் போயிற்று. காப்பி குடிக்கிறோம், அதன் ருசி நாவில் பட்டதாக நினைவில்லை. மனைவி ஏதோ சொல்கிறாள், 'உம்' என்கிறோம். குழந்தை ஏதோ கேட்கிறது; அதற்கும் 'உம்'. அலுவலகத்துக்கு எந்தத் தெரு வழியாகப் போனோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாலையில் திரும்பி வந்து, பிறருடைய கல்யாணப் படங்களையும் பிறருடைய சண்டைகளையும் ஒரு மணி நேரம் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோம். இரவு படுக்கும்போது, "இன்றைக்கு என்ன செய்தாய்?" என்று யாராவது கேட்டால், "நேற்றுச் செய்ததையே செய்தேன்" என்பதுதான் உண்மையான பதில். இப்படியே ஒரு வருஷம் கழிகிறது. பத்து வருஷம் கழிகிறது. வீணை கற்க வேண்டும் என்று எண்ணியிருந்தோம். ஊரில் உள்ள தாயாரை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று எண்ணியிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் நம்மைத் தடுக்கவும் இல்லை.

பழக்கம் என்னும் ஜாகீர்தாருக்கு நாம் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்து வருகிறோம் என்றே சொல்ல வேண்டும். மலையில் இருந்த ஜாகீர்தாரைக் கண்ணால் பார்க்கலாம், அவர் மீது மனுக் கொடுக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம். நம் ஜாகீர்தாரோ நம்முடைய கையிலும் காலிலும் குடியிருக்கிறார். இவருடைய உத்தரவு நம் சொந்த விருப்பம் போலவே நம் காதில் கேட்கிறது.

"பழக்கம் இல்லாமல் மனிதன் வாழ முடியுமா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பல் துலக்குவதற்கெல்லாம் யோசனை செய்துகொண்டிருந்தால் பொழுது விடிந்து பொழுது போய்விடும். இதற்கு விடை கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறது. இப்பிரதேசத்து மரச் சிற்பங்கள் பெயர் பெற்றவை. 2021ஆம் ஆண்டில் அவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பி முதலில் காகிதத்தில் உருவத்தை வரைகிறார். அந்தக் கோட்டை மரத்துக்கு மாற்றுகிறார். அதற்குப் பிறகுதான் உளியையும் கொட்டாப்புளியையும் கையில் எடுக்கிறார். அவர் நூறு பிள்ளையார் செதுக்கியவராக இருக்கலாம். கை தானாகவே ஓடும். ஆனால் ஒரு மரத்தின் ரேகை மற்றொரு மரத்தில் இல்லை. கண் ஒரு நிமிஷம் தூங்கினால் துதிக்கை பிளந்து போகும். செதுக்கி எறிந்த சில்லை மறுபடி ஒட்டவைக்க முடியாது. ஆகையால் அவருடைய கை பழக்கத்தில் ஓட, கண் விழித்திருந்து காவல் காக்கிறது. இன்ன உருவம் வேண்டும் என்று முதலில் தீர்மானித்தவர் அவர். பழக்கம் அதற்குப் பின்னால் வந்து அவருக்கு ஊழியம் செய்கிறது. பழக்கம் வேலைக்காரனாக இருப்பதற்கும் எஜமானனாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எஜமானனாகிவிட்ட பழக்கம் எதுவரையில் கொண்டுபோய் விடும் என்பதையும் அதே கள்ளக்குறிச்சி கண்டிருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் நகரத்தின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நாள் முழுவதும் உடல் நோக உழைத்துவிட்டு, வழக்கம்போல் வாங்கிக் குடித்தவர்கள் பலர். இறந்தவர்களைப் பற்றிக் குறை கூற நமக்கு வாய் வராது. அவர்களுடைய வறுமைக்கும் அலுப்புக்கும் மத்தியில் ஒரு பாக்கெட் சாராயம் என்னவாக இருந்தது என்பது, விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. நாம் குறிப்பிட விரும்புவது மற்றொரு பழக்கத்தை. கண்டும் காணாமல் போகும் பழக்கத்தை. கள்ளச் சாராயம் ஒரே இரவில் முளைப்பதில்லை. 'இது இங்கே எப்போதும் நடப்பதுதானே' என்று சொல்லிக்கொண்டு ஒரு ஊரே நடந்து போகும்போதுதான் அது வேரூன்றுகிறது. அந்தத் துயரத்துக்குப் பின்பு கலெக்டரை மாற்றினார்கள். போலீஸ் சூப்பரின்டெண்டெண்டைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளிக்கூடம், வைத்தியசாலை முதலிய பேச்சுக்கள் எழுந்தன. நல்லதுதான். அறுபது உயிர்கள் போன பிறகுதானா எல்லோரும் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் துக்கம்.

இங்கே ஒரு சந்தேகம் எழும். லட்சியத்தோடு வாழ்வது என்பதெல்லாம் சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவர்களின் பேச்சு அல்லவா? தன் பொழுதே தன் கையில் இல்லாதவன் அதை என்ன செய்ய முடியும்?

ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையை நினைத்துக்கொள்வோம். 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர், 1908ஆம் ஆண்டில் சிறைக்கு அனுப்பப்பட்டார். கோயமுத்தூர்ச் சிறையில் செக்கு இழுத்தார். எழுந்திருக்கும் நேரம், உண்ணும் நேரம், உழைக்கும் நேரம் எல்லாம் பிறருடைய உத்தரவு. அப்படிப்பட்ட சிறைக் காலத்தில்தான் அவர் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை 'மனம் போல வாழ்வு' என்ற பெயரில் தமிழாக்கினார். மனிதனுடைய எண்ணமே அவனுடைய வாழ்வை உருவாக்குகிறது என்பது அந்நூலின் சாரம். உடலைச் செக்கிலே பூட்டியிருந்தவர்கள், மிஞ்சியிருந்த அந்தச் சிறு பொழுதை அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை.

ஆனால் இந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டு போய், கூலிக்காரனுக்கு உபதேசம் செய்ய யாரும் புறப்பட வேண்டாம். வ. உ. சி. போன்ற மனிதர்கள் நூற்றாண்டுக்கு ஒருவர் பிறக்கிறார்கள். மற்றவர்களுக்கு முதலில் அவர்களுடைய நாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். புத்திமதி பிறகு சொல்லிக்கொள்ளலாம். 1976ஆம் ஆண்டில் ஜாகீர் போனதோடு மலையில் எல்லாம் முடிந்துவிடவில்லை. உழுகிறவன் பேரில் நிலத்துக்குப் பட்டா வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டிலே வாழ்கிறவர்களுக்கு அளித்த உரிமை அவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும். கையில் பட்டா இருக்கிறவன்தான் அடுத்த வருஷத்துக்கு மரம் நடுவான். பிள்ளையின் படிப்பைப் பற்றி யோசிப்பான். நாளைக்கு யார் வந்து எழுப்பிவிடுவார்களோ என்று இருக்கிறவனிடம் லட்சியம் எங்கிருந்து வரும்?

நம்மில் பலருக்கோ யாரும் பட்டா தர வேண்டியதில்லை. நம்முடைய நாள் சட்டப்படி நம்முடையதே. அதை அளந்து பார்க்காமல் போட்டு வைத்திருக்கிறோம். நிலவரித் திட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் நிலத்தை அளப்பார்கள். நாமும் அதையே செய்யலாம். ஒரே ஒரு வாரம், இன்ன நேரத்தில் இன்னது செய்தேன் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் உள்ளபடி குறித்து வைப்போம். எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எவ்வளவு தரிசு என்று தெரிந்துவிடும். தரிசின் அளவைக் கண்டு வெட்கப்பட்டால் அதுவும் நல்லதே. பிறகு அதில் அரை மணி நேரத்தை மட்டும் நம் பேரில் எழுதிக்கொள்வோம். அந்த அரை மணியில் என்ன விதைப்பது என்பதை முதல் நாள் இரவே தீர்மானித்துவிட வேண்டும். வீணையோ, தாயாருக்கு ஒரு கடிதமோ, பக்கத்துத் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதோ, எதுவானாலும் சரி. நாமாகத் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும்.

அரை மணி அற்பம் என்று நினைக்க வேண்டாம். கல்வராயன் மலையின் குடியானவன் தன் நாளுக்காக 1976ஆம் ஆண்டு வரையில் காத்திருந்தான். நம்முடைய ஜாகீரை ஒழிப்பதற்குச் சட்டமும் வேண்டாம், சர்க்காரும் வேண்டாம். நாளைக் காலையில் கண் விழித்ததும், கை எங்கே போகிறது என்று ஒரு நிமிஷம் கவனித்தால் போதும், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.