பாலாற்றங்கரைக் கருவிகள் – 17: அடைப்புக்குறி மேல் விழுந்த பழி

போன வாரம் தோல் பதனிடும் குரோம் டிரம்மோடு நிறுத்தினோம். ஷூவுக்கான துண்டுகளைத் தோலில் அடுக்கிப் பார்க்கும் கணினியைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். லிஸ்ப் என்ற நிரல்மொழி குறுக்கே வந்துவிட்டது. வல்லமையில் குறையில்லை என்று அதை அறிந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருவி ஏன் பரவாமல் நின்றது என்ற கேள்வி தோல் தொழில் ஊர்களான ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் அந்நியமானதல்ல.

வழக்கமான பதில், அதன் அடைப்புக்குறிகள். 1958-ல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய மொழி இது. (+ 2 3 4) என்று எழுதினால் 9 வரும். செய்ய வேண்டிய வேலை முதலில், எண்கள் பின்னால், சுற்றிலும் அடைப்பு. ஒன்றுக்குள் ஒன்றாகப் போகப்போக வரியின் கடைசியில் ஏழெட்டுக் குறிகள் வரிசையாக மூடிக்கொண்டு நிற்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர்கள் இப்படி எழுத வேண்டும் என்று மெக்கார்த்தி நினைக்கவே இல்லை. கணிதம் போல வாசிக்கக்கூடிய வேறொரு வடிவத்தை அவர் மனதில் வைத்திருந்தார்; அடைப்புக்குறி வடிவம் எந்திரத்துக்குள் இருக்கும் தரவைக் காட்டுவதற்கு மட்டும். லிஸ்ப் நிரலை லிஸ்ப்பே படித்து விடை சொல்லும் ஒரு சிறு செயலியைத் தாளில் விளக்கத்துக்காக எழுதினார். அவரோடு வேலை செய்த ஸ்டீவ் ரஸ்ஸல் அதை அப்படியே ஐ.பி.எம். 704 கணினியில் ஓட்டிக் காட்டிவிட்டார். ஓடுகிற ஒன்று கையில் கிடைத்த பிறகு, வரப்போகும் அழகான வடிவத்துக்கு யார் காத்திருப்பார்கள்? தற்காலிக ஏற்பாடு 60 ஆண்டு தாண்டியும் நிற்கிறது. நிரலே ஒரு பட்டியலாக இருப்பதால், நிரலை எழுதும் நிரலை எழுதுவதும் லிஸ்ப்பில் எளிது.

அடைப்புக்குறிதான் தடை என்றால் வரைபட மென்பொருளான ஆட்டோகேட்டின் கதையை விளக்க முடியாது. 1986 முதல் அந்த மென்பொருளுக்குள் லிஸ்ப்பின் ஒரு வடிவமான ஆட்டோலிஸ்ப் இருக்கிறது. கணினி அறிவியல் பக்கமே போகாத வரைவாளர்கள், ஒரே மாதிரிக் குழாயையும் பல்சக்கரத்தையும் திரும்பத் திரும்ப வரைய அலுத்துப்போய் நாலு வரி லிஸ்ப் எழுதி, தங்களுக்கென்று ஒரு கட்டளை செய்துகொண்டார்கள். ஒருவர் எழுதியது கோப்பாகக் கைமாறி அடுத்த மேசைக்குப் போனது. விலை குறைந்த ஆட்டோகேட் எல்.டி.யில் நெடுங்காலம் இல்லாத இந்த வசதியை 2024 பதிப்பில் சேர்த்தார்கள். அடைப்புக்குறி இவர்களில் யாரையும் விரட்டவில்லை. எந்தக் கருவியை எடுப்பது என்ற முடிவு அந்த மேசையில் உட்கார்ந்தவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

மென்பொருள் சேவை நிறுவனத்தில் அந்த முடிவு வேறிடத்தில் இருக்கிறது. நம் ஊர் டேனரிக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அதுவும் ஜாப் ஒர்க்தான். தோல் இன்னொருவருடையது, எப்படி வேண்டும் என்பதும் அவர் சொல்வது, நமக்குக் கூலி. அங்கே நல்ல முறை என்பதற்காக ஒன்று உள்ளே வராது, வாங்குபவர் கேட்டால் வரும். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போட்ட பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி 1989-ல் தடை செய்தது. 1994-ல் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. அதனால் இங்கே டேனரிகள் மாறின. லிஸ்ப்பைக் கேட்டு அப்படி எந்த வாடிக்கையாளரும் உத்தரவு போடவில்லை. போதாக்குறைக்கு, ஆள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் பில் போடும் தொழிலில், பத்துப் பேர் வேலையை மூன்று பேர் முடிக்கும் கருவி வருமானத்தைத் தின்னும்.

லிஸ்ப்புக்கு நிரல் நூலகங்கள் குறைவு, தெரிந்த ஆள் கிடைப்பதில்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் அது பரவாததன் விளைவு. 1991-ல் பைதான் வெளிவந்தபோது அதற்கும் இரண்டும் இல்லை. இன்னொரு ஆட்சேபம் கனமானது. லிஸ்ப்பில் தேர்ந்தவர் மொழியையே தன் வசதிக்கு வளைத்துவிடுவார், அவர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவருக்கு அது பிடிபடாது. இதை மறுக்க எனக்கு வழியில்லை. எனினும் இது யாரையும் எப்போதும் மாற்றலாம் என்று நடக்கும் இடத்துக்குத்தான் பெரிய பயம். சொந்தச் சரக்கை விற்பவர்கள் துணிகிறார்கள். புனேயின் ஹெல்ப்ஷிப்ட் நிறுவனம் லிஸ்ப் குடும்பத்து மொழியான குளோஜரை எடுத்தது. பிரேசிலின் நுபாங்க் வங்கி 2020-ல் குளோஜரைப் பேணிவந்த நிறுவனத்தையே வாங்கிப்போட்டது.

தோலில் துண்டு அடுக்கும் கணக்கு அடுத்த வாரத்துக்குப் போகிறது. வயிற்றுப் பக்கம் இழுபடும், முதுகுப் பக்கம் உறுதி. ஷூவின் முன்பாகத்தை எங்கிருந்து வெட்டுவது என்று கட்டிங் மேசைக்காரர் விரலால் தடவிச் சொல்வதைக் கணினிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் அங்கே சிக்கல்.