பதினைந்து ஆடும் மூன்று புலியும்

காவிரிக் கடைமடையில் கல் கிடைக்காது. தோண்டினால் களியும் மணலும்தான் வரும். காரைக்கால் மாவட்டத்தில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த போலகம் மாதிரியான ஊரில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கூழாங்கல் தேடி அலைய முடியாது. கைக்குக் கிடைத்ததுதான் காய். புளியங்கொட்டை ஆடு, உடைந்த ஓட்டுச்சில்லு புலி. கடற்கரைக்குப் போய்வந்த பிள்ளையின் சட்டைப்பையில் கிளிஞ்சல் இருந்தால் மந்தைக்குக் கொஞ்சம் அழகு கூடும். சிமெண்டுத் தரையில் சாக்பீஸாலோ அடுப்புக்கரியாலோ கோடு இழுத்தால் ஆட்டம் தயார்.

செலவில்லாத ஆட்டம் என்பதால் இதை எளிய ஆட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். தாயத்திலும் பரமபதத்திலும் பகடை வந்து காப்பாற்றும், இல்லையென்றால் கவிழ்க்கும். இதில் பகடை கிடையாது. சீட்டாட்டம் போல மறைத்துவைக்கவும் எதுவும் இல்லை. எல்லாக் காயும் இருவர் கண் முன்னே கிடக்கும். ஒருவர் ஆடியபின் அடுத்தவர் ஆட வேண்டும், அவ்வளவுதான். தோற்றவர் அதிர்ஷ்டத்தின்மேல் பழிபோட வழியில்லை.

 

கட்டத்தை ஒருமுறை போட்டுப் பார்த்தால் ஆட்டம் பாதி விளங்கிவிடும். உயரமான ஒரு முக்கோணம் வரைய வேண்டும். உச்சியிலிருந்து அடிக்கோடு வரை உள்ளே இன்னும் 2 சாய்கோடுகள். இப்போது உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள் 4. பிறகு முக்கோணத்தின் நடுவயிற்றில், இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு நீள்சதுரம். அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு. ஆக மேல்கோடு, நடுக்கோடு, கீழ்க்கோடு என்று மூன்று, அவற்றுக்கும் கீழே முக்கோணத்தின் அடிக்கோடு. கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணினால் உச்சியில் 1, மூன்று குறுக்குக்கோடுகளிலும் ஆறாறாக 18, அடியில் 4. மொத்தம் 23.

உச்சியில் ஒரு புலி. அதன் கீழே மேல்கோட்டில், உள் சாய்கோடுகள் இரண்டும் வெட்டும் இடங்களில் மற்ற இரண்டு. 15 ஆடுகளும் வெளியே, ஆடுபவரின் கையில். ஆட்டுக்காரர் முதலில் ஓர் ஆட்டை வைப்பார், புலிக்காரர் ஒரு புலியை நகர்த்துவார். எல்லா ஆடும் இறங்கும்வரை, வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. புலி கோட்டுவழியே பக்கத்து இடத்துக்குப் போகலாம். பக்கத்தில் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் அதற்கு அடுத்த இடம் காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. புலிகள் மூன்றும் அசைய வழியில்லாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. எத்தனை ஆடு போனால் புலி ஜெயித்ததாகக் கணக்கு, ஒரே முறையில் இரண்டு ஆட்டை வெட்டலாமா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். உட்காரும்போதே பேசி முடித்துவிட்டால் சண்டை மிச்சம்.

தெலுங்கு, கன்னட நாடுகளிலும் இதே குடும்பத்து ஆட்டங்கள் உண்டு. இலங்கையில் ஆடப்பட்டதை எச். பார்க்கர் 1909-இல் வெளியான தம் பண்டைய இலங்கை பற்றிய நூலில் குறித்துவைத்தார். அங்கே புலிக்குப் பதில் சிறுத்தை. தமிழ்நாட்டுக் கோயில்களின் தளக்கற்களில் இந்தக் கட்டம் கீறியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஆனால் கோயிலின் வயதை ஆட்டத்தின் வயதாகச் சொல்லிவிடுவது அவசரம். கல் பாவிய அன்றும் கீறியிருக்கலாம், போன தலைமுறையிலும் கீறியிருக்கலாம்.

புதிதாக ஆடுகிறவர் எந்தப் பக்கம் எடுப்பது? பிள்ளைகள் புலிக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். வெட்டுவதில் ஒரு ருசி இருக்கிறது. ஆட்டம் பழக வேண்டும் என்றால் ஆடுதான் நல்லது. புலிக்கு ஒரு தப்பு நடந்தால் அடுத்த முறையில் திரும்பி வந்துவிடலாம். ஆட்டுக்கு ஒரு தப்பு நடந்தால் ஓர் ஆடு போய்விடும், அது திரும்பாது.

ஆட்டுக்காரர் பாடம்பண்ண வேண்டியது ஒன்றுதான்: முதுகு. ஓர் ஆட்டின் வழியாகப் போகும் ஒவ்வொரு கோட்டிலும், அதன் இரு பக்கங்களில் ஒன்றிலாவது இன்னோர் ஆடு நிற்க வேண்டும், அல்லது கோடு அங்கேயே முடிய வேண்டும். அப்படியிருந்தால் அந்த ஆட்டைத் தாண்டப் புலிக்கு வழியில்லை. நீள்சதுரத்தின் 4 மூலைகளும் அடிக்கோட்டின் 2 மூலைகளும் இயல்பிலேயே அப்படிப்பட்டவை. எல்லாக் கோடும் அங்கே முடிந்துவிடுகின்றன. இந்த ஆறு இடங்களில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் எக்காலத்திலும் வெட்ட முடியாது.

இதை வைத்துக்கொண்டு ஒரு தொடக்கத்தைப் பார்ப்போம். முதல் ஆடு அடிக்கோட்டின் இடது மூலையில். புலி ஓர் அடி இறங்குகிறது. இரண்டாவது ஆடு வலது மூலையில். புலி இன்னோர் அடி இறங்கிக் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த முறையில் அது அடிக்கோட்டின் நடுவில் குதிக்கப் பார்க்கும். எந்தச் சாய்கோட்டில் அது நிற்கிறதோ, அந்தக் கோட்டின் அடியில் மூன்றாவது ஆட்டை வைக்க வேண்டும். புலிக்கு மூக்குக்கு நேரே வைப்பதால் கை நடுங்கும். நடுங்கத் தேவையில்லை. சாய்கோடு அங்கே முடிகிறது, அடிக்கோட்டில் மூலை ஆடு முதுகாக நிற்கிறது. புலி பக்கத்துக் கோட்டுக்கு நகர்வதற்குள் நான்காவது ஆடு மிச்சமிருக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடும். நாலே ஆட்டில் அடிக்கோடு முழுக்க மந்தையுடையது. புலி எப்படி ஆடினாலும் இதைத் தடுக்க முடியாது. வேண்டுமானால் போட்டுப் பார்க்கலாம்.

அதன்பின் நீள்சதுரத்தின் மூலைகள், மூலைகளுக்கு நடுவே இருக்கும் இரண்டு ஓர இடங்கள். ஆக வெளிச்சுற்றில் மட்டும் 10 ஆடுகள் ஒரு கீறல் இல்லாமல் நிற்கும். அடிக்கோடும் ஓரமும் நிரம்பியபின் கீழ்க்கோட்டின் உள்ளிடங்களை ஓரத்திலிருந்து நடுவாக நிரப்பிக்கொண்டு வந்தால் அவற்றுக்கும் முதுகு தானாகக் கிடைக்கும். புதியவர்கள் செய்வது நேர்மாறு. புலியைக் கட்டிவிடலாம் என்று முதல் ஆட்டையே நடுக்கட்டத்தில், புலிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அது ஆடு இல்லை, பலகாரம்.

புலிக்காரர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ஆடு வர வேண்டிய ஓரத்தில் தானே போய் உட்காருவார். வரட்டும். புலி நிற்கும் இடத்தைப் பொறுத்து அதை அடைக்கத் தேவையான ஆடுகளின் எண்ணிக்கை மாறுகிறது. நீள்சதுர மூலையில் நின்றால் பக்கத்தில் 2 ஆடு, அவற்றுக்குப் பின்னால் 2 ஆடு, மொத்தம் 4 போதும். உச்சியில் நிற்கும் புலிக்கு 8 வேண்டும். நடுக்கோட்டின் நடு இரண்டு இடங்களில் நிற்பதற்கும் 8. அதனால் கெட்டிக்காரப் புலி நடுவை விட்டு வெகுதூரம் போகாது. ஓரத்துக்கு வந்த புலியை விடாமல் அடைப்பதும், நடுவிலிருக்கும் புலியை அவசரப்பட்டு நெருங்காமல் இருப்பதும் ஆட்டுக்காரர் வேலை.

மூன்று புலிகளும் தொடங்கிய இடத்திலேயே ஒட்டி நின்றால்? அப்போது ஒன்றின் வழியை இன்னொன்றே மறிக்கிறது. மேல்கோட்டின் மற்ற நான்கு இடங்கள், நடுக்கோட்டின் உள்ளிடங்கள் நான்கு, கீழ்க்கோட்டின் நடு இரண்டு. ஆக 10 ஆட்டில் மூன்று புலியும் முடிந்தது. தனித்தனியாக நின்றால் ஆளுக்கு ஏழெட்டு கேட்கும் புலிகள் கூடி நின்றால் பத்துக்கு அடங்கிவிடுகின்றன. புலிப்பக்கம் ஆடுகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கவனிப்பதே இல்லை.

கடைசி ஆடும் இறங்கியபின் ஆட்டம் வேறு முகம் காட்டும். 23 இடத்தில் 18 காய். காலி 5. இதுவரை வைத்த ஆடு வைத்த இடத்தில் நின்றது. இனி ஒவ்வொரு முறையும் ஏதாவது ஓர் ஆடு நகர்ந்தே ஆக வேண்டும். ஒன்று நகர்ந்தால் அது நின்ற இடம் ஓட்டையாகும், அதை முதுகாக நம்பி நின்ற ஆடு அம்போ. பல ஆட்டங்கள் கைமாறுவது இங்கேதான். முதுகாக யாருக்கும் பயன்படாத ஓர் ஆட்டை ஒதுக்கி வைத்துக்கொண்டு, வேறு நல்ல நகர்வு இல்லாதபோது அதை முன்னும் பின்னும் நகர்த்திப் பொழுதைக் கடத்துவது அனுபவசாலிகள் வழக்கம். புலிப்பக்கத்துக்கு இதே விஷயம் தலைகீழ்: ஒவ்வோர் ஆடு விழும்போதும் காலியிடம் ஒன்று கூடும். ஐந்து காலியில் மூச்சுத் திணறிய புலி, எட்டுக் காலியில் உலாவும்.

இப்படி முறைவைத்து ஆடும் ஆட்டத்தின் இன்றைய பெரிய வாரிசு போன் திரையில் இருக்கிறது. அதன் முன்னோடிகளில் ஒன்றாக, ஜப்பானில் 1986 மே மாதம் எனிக்ஸ் நிறுவனம் ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற வீடியோ கேமை வெளியிட்டது. வடிவமைத்தவர் யூஜி ஹோரீ. ஓவியம், பின்னாளில் ‘டிராகன் பால்’ கதையால் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த அகிரா தொரியாமா. பட்டனை வேகமாகத் தட்டுகிறவன் ஜெயிக்கும் காலத்தில், எதிரி எதிரே நின்று நாம் முடிவெடுக்கும்வரை காத்திருக்கும் ஆட்டமாக அது வந்தது. அடிக்கலாம், மந்திரம் போடலாம், மூலிகை சாப்பிடலாம், ஓடலாம். ஒன்றைத் தேர்ந்தபின் எதிரி முறை.

அதன் தொடக்கமும் ஆட்டுக்காரர் நிலைமைதான். அரசர் கொடுக்கும் பொற்காசு 120. கடையில் ஒரு தடி 60 காசு, துணிச்சட்டை 20, காயம் ஆற்றும் மூலிகை 24. மூன்றையும் வாங்கினால் கையில் மிச்சம் 16. வெளியே போனால் சின்னஞ்சிறு களிம்புப் பூதம் எதிர்ப்படும், கொன்றால் கிடைப்பது ஒன்றிரண்டு காசு. பாலத்தைத் தாண்டினால் பூதங்களின் பலம் சட்டென்று ஏறும். அவசரக்காரர்கள் அங்கே போய் விழுவார்கள். விழுந்தால் அரசர் முன்னால் உயிரோடு எழலாம், ஆனால் கையிலிருந்த காசில் பாதி போயிருக்கும். பெற்ற அனுபவப் புள்ளி மட்டும் குறையாது. ஹோரீயின் சாமர்த்தியம் இந்தக் கணக்கில் இருக்கிறது: தோற்றாலும் நேரம் வீணாகவில்லை, ஆனால் துணிச்சலுக்கு விலை உண்டு.

இந்த வகை ஆட்டங்களில் புதியவர் செய்யும் தப்புகளும் நம் தரையில் நடப்பவைதான். ஒவ்வொரு முறையும் அடி, அடி என்றே போவார்கள். எதிரியின் பலத்தைக் குறைக்கும் மந்திரமோ, தன் காவலைக் கூட்டும் மந்திரமோ வீணென்று தோன்றும். நீண்ட சண்டையில் கரை சேர்ப்பவை அவைதான். மூலிகையைக் கடைசிப் பெரிய பூதத்துக்கு என்று சேர்த்து வைத்து, அதற்கு முன்பே செத்துப்போவது இன்னொன்று. 1996-இல் வந்த ‘போக்கெமான்’ ஆட்டத்தில் நெருப்பு, நீர், புல் என்ற வகைகள் ஒன்றையொன்று மடக்கும். முதல் அரங்கத் தலைவன் வைத்திருப்பது கல் வகைப் பிராணிகள். நெருப்புக் குட்டியை அழகுக்காகத் தேர்ந்தவன் அங்கே திணறுவான், புல் குட்டியை எடுத்தவன் சுலபமாகக் கடப்பான். எதை எங்கே வைப்பது என்பதை மோதலுக்கு முன்பே யோசிக்கச் சொல்கிறது ஆட்டம்.

ஆடுபுலியை யாராவது கணினியில் போட்டு முடிவு கண்டார்களா என்றால், அதன் நேபாளத்துச் சகோதரிக்கு அது நடந்திருக்கிறது. பாக்-சால் எனப்படும் அந்த ஆட்டத்தில் 25 இடங்கள், 4 புலிகள், 20 ஆடுகள். 5 ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணினியில் தேடிப்பார்த்து, இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் அது சமனில்தான் முடியும் என்று காட்டினார்கள். பார்வைக்குப் புலி பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும் ஆட்டம், உண்மையில் தராசு முள் நடுவில் நிற்கும் ஆட்டம்.

மரப்பலகையில், துணியில் அச்சிட்ட ஆடுபுலி இப்போது கடையில் வாங்கவும் கிடைக்கிறது. சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002-இல் தொடங்கிய கிரீடா நிறுவனம் பழைய ஆட்டங்களை இப்படி மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தவற்றில் முக்கியமானது. பரிசளிக்க அது நல்லது. பழக அது தேவையில்லை. இன்று மாலை ஒரு சாக்பீஸ், பதினைந்து புளியங்கொட்டை, மூன்று ஓட்டுச்சில்லு எடுத்துக்கொண்டு, போனில் மூழ்கிய பிள்ளையை எதிரே உட்காரவைத்துப் புலியை அவனிடமே கொடுங்கள். முதல் ஆடு அடிக்கோட்டின் மூலையில்.