பாட்டின் பலனும் பாடுவாரின் ஜீவனமும்

ஸ்ரீவராஹ புராணத்தில் எம்பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளிச்செய்த கைசிக மாஹாத்மியம், கார்த்திகை மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசியை ஒட்டித் திவ்யதேசங்களில் வாசிக்கப்பட்டு வருகிறது. இதற்கு ஸ்ரீபராசர பட்டர் மணிப்ரவாள நடையில் வ்யாக்யானம் அருளியுள்ளார். ஜாகரணத்தின் ஏற்றம், கானத்தின் ஏற்றம், வாக்குத் தவறாமை என இதன் பொருளைப் பெரியோர் பலவாறு எடுத்துரைப்பர். இசைவாணர்களின் ஜீவனம் பற்றிய ஒரு நுட்பமும் இதில் அடங்கியுள்ளது. பாட்டுக்கு விலை உண்டா என்பது ஒரு கேள்வி. பாடுவாரை யார் போஷிப்பது என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதால் விளையும் தீங்கு சிறிதன்று.

திருக்குறுங்குடி எம்பெருமானை இரவுதோறும் வீணையும் கையுமாகச் சென்று பாடி வந்தவர் நம்பாடுவான். ஸம்ப்ரதாயத்தில் இவர் பாணர் குலத்தவராகக் கொள்ளப்படுகிறார். ஏகாதசி இரவில் இவரை ஒரு ப்ரஹ்மராக்ஷஸன் வழிமறித்து உண்ணப் புகுந்தான். விரதத்தை முடித்துத் திரும்பி வந்து உடலைத் தருவதாக இவர் பதினெட்டு ஸத்தியங்கள் செய்தார். எம்பெருமானை மற்றத் தெய்வங்களோடு ஒக்க எண்ணும் பாவத்தை அடையக் கடவேன் என்னும் இறுதி ஸத்தியத்தைக் கேட்ட பின்பே ராக்ஷஸன் இவரை விடுத்தான். பாடி முடித்துத் திரும்புகையில், எம்பெருமானே முதியவர் வடிவில் எதிர்வந்து தடுத்தும் இவர் சொன்ன சொல்லை மீறவில்லை.

திரும்பி வந்தவரிடம் ராக்ஷஸன் வேறொன்றைக் கேட்டான். உடல் வேண்டா, பாடிய பாட்டின் பலனைத் தருக என்றான். நம்பாடுவான் இசையவில்லை. அவன் தன் கேள்வியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு பாட்டின் பலன் போதும் என்னும் அளவுக்கு இறங்கினான். அதற்கும் இவர் இணங்கவில்லை. உடலைத் தருவதாகவே வாக்கு. பாட்டின் பலன் அந்த வாக்கில் சேர்ந்ததன்று என்பது இவருடைய நிலை.

இங்கு ஓர் ஐயம் எழும். உயிரையே கொடுக்கத் துணிந்தவர் ஒரு பாட்டின் பலனைக் கொடுக்கத் தயங்குவானேன் என்னில்: உடலைக் கொடுப்பது தான் பட்ட கடனைத் தீர்ப்பது. பாட்டின் பலனைக் கொடுத்து உடலை மீட்பதோ, எம்பெருமான் முகமலர்த்திக்காகச் செய்த கைங்கரியத்தைப் பண்டமாற்றில் வைப்பது. அளவு குறைந்தாலும் அது விற்பனையே. ஆகவே முழுதும் கேட்டபோதும் ஒன்று கேட்டபோதும் இவருடைய மறுமொழி மாறவில்லை.

எப்போது கொடுத்தார் என்பதே கதையின் உயிர்நிலை. ராக்ஷஸன் பேரத்தைக் கைவிட்டான். முற்பிறவியில் ஸோமசர்மா என்னும் அந்தணனாய் இருந்ததையும், வேள்வியில் பிழைத்து இந்நிலை எய்தியதையும் சொல்லிச் சரணம் புகுந்தான். அப்போது நம்பாடுவான் தாம் கடைசியாகக் கைசிகப் பண்ணில் பாடிய பாட்டின் பலனைக் கொடுத்து அவனை உய்வித்தார். பேரத்துக்குக் கிட்டாதது சரணாகதிக்குக் கிட்டிற்று.

பாட்டின் பலன் விலைப்பொருள் அன்று என்பது இதனால் தேறியது. அப்படியாகில் பாடுவார் எதனால் ஜீவிப்பது? பாணர்கள் பண்டு புரவலரை நாடிச் சென்று பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள். சிறுபாணாற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் இதற்குச் சான்று. நம்மாழ்வார் திருவாய்மொழி மூன்றாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில், பொருள் கருதி மானிடரைப் பாடும் புலவர்களை நோக்கி இரங்குகிறார். அங்கே பாடாதீர் என்று விலக்குவதோடு ஆழ்வார் நின்றுவிடவில்லை. உடலை வருத்தி உழைத்துப் பிழைக்குமாறும் அவர்களுக்கு வழி சொல்கிறார். கவிக்கும் வயிறு உண்டு என்பதை ஆழ்வார் திருவுள்ளம் மறக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

பிற்காலத்தில் கோயில்கள் இதற்கு வேறொரு வழி கண்டன. முதலாம் இராஜேந்திரன் காலத்தில் எண்ணாயிரம், உத்தரமேரூர் முதலிய ஊர்களின் கோயில்களில் திருவாய்மொழி ஓதுவார்க்கு நிவந்தம் வைக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இந்த முறையின் உட்கிடையைத் தெளிவாகக் காட்டுவது அவன் தந்தை முதலாம் இராஜராஜன் தஞ்சைப் பெரியகோயிலில் வெட்டுவித்த சாஸனம். அது சிவாலயமாயினும் அக்கால நடைமுறை அறிய உதவும். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் வீடும் பங்கும் அளிக்கப்பட்டன. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு நெல் 100 கலம். ஒருவர் இறந்தால் அவருக்கு அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடைய ஒருவரை அமர்த்த வேண்டும்.

இதில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. சந்தையில் விலை கேட்பார் விருப்பத்தால் ஏறும், இறங்கும். நிவந்தமோ கேட்பார் ஆயிரவராயினும் ஒருவராயினும் ஒரே அளவாய் நின்றது. ஆகவே பாடுவார் கேட்பாரின் மனம் பார்த்துப் பண்ணை மாற்ற வேண்டிய நிலை வரவில்லை. மற்றொன்று, உறவு பற்றி உரிமை வந்தாலும் தகுதியின்றி அது நிலைக்கவில்லை. ஜீவனமும் கலையின் தரமும் ஒருங்கே காக்கப்பட்டன.

கேட்பார் மதிப்பையே அளவாகக் கொண்டால் நேர்வது என்ன என்பதைக் குருபரம்பரை நூல்கள் ஸ்ரீமந்நாதமுனிகள் வைபவத்தில் காட்டுகின்றன. தேவகானம் பாடிய ஒரு கணிகையின் அருமையைச் சோழன் அவை அறியவில்லை. மனுஷ்யகானம் பாடியவளே அங்குப் பரிசு பெற்றாள். தேவகானம் பாடியவள் வீரநாராயணபுரம் வந்து பாடியபோது நாதமுனிகள் அதன் ஏற்றம் அறிந்து சிறப்பித்தார். இதை வியந்து வினவிய அரசன் முன்னிலையில், பல தாளங்களை ஒருசேரத் தட்டச் செய்து, ஒலியைக் கொண்டே ஒவ்வொன்றின் எடையையும் அவர் பகுத்துச் சொன்னார் என்பர். பொன் கொடுக்கும் கையும் ஸ்வரம் அறியும் செவியும் ஓரிடத்தில் இருக்க வேண்டுமென்னும் நியதி இல்லை.

நிவந்தம் தளர்ந்தால் கைங்கரியமும் தளரும் என்பதற்குத் திருக்குறுங்குடியே சான்று. கைசிக ஏகாதசி இரவில் நம்பாடுவான் சரிதத்தை அவ்வூர்க் கோயிலில் நாடகமாக நடித்து வந்தவர்கள் பரம்பரைக் கலைஞர் குலத்துப் பெண்டிர். 1947-ஆம் ஆண்டுத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் ஒரு கொடுமைக்கு முடிவு கட்டியது, அது வேண்டுவதே. 1963-ஆம் ஆண்டுச் சட்டம் சிறு இனாம்களை ஒழித்து, கோயில் ஊழிய நிலங்களின் நிலையை மாற்றியது. பழைய ஏற்பாட்டோடு கலையின் ஆதரவும் போயிற்று. அதனிடத்தில் வேறோர் ஆதரவை எவரும் வைக்கவில்லை. நாடகம் நலிந்தது. பேராசிரியர் சே. இராமானுஜம், நடனக் கலைஞர் அனிதா ரத்னம் ஆகியோரின் முயற்சியால் 1999-இல் அது மீண்டும் அரங்கேறியது. பழைய பாடமும் அடைவும் அறிந்த முதிய பெண்டிர் சிலர் அந்நாளில் உயிரோடிருந்ததே இதற்கு உதவிற்று. இன்னும் ஒரு தலைமுறை கடந்திருந்தால் ஏட்டுச்சுவடி மட்டுமே எஞ்சியிருக்கும்.

இக்காலத்தில் இசைத்தட்டும் சபாவும் வாணிபமும் புதிய புரவலர்களாக வந்துள்ளன. இவற்றை அடியோடு பழிப்பதும் பொருந்தாது. மணவாள மாமுனிகளின் திருவடிகளை ஆச்ரயித்த ப்ரதிவாதிபயங்கரம் அண்ணன் அருளிச்செய்த ஸ்ரீவேங்கடேச ஸுப்ரபாதம், எம்.எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையாரின் குரலில் இசைத்தட்டாக வெளிவந்த பின்னரே எண்ணற்ற இல்லங்களில் விடியற்காலை ஒலியாயிற்று. வாணிபம் பாட்டைப் பரப்பும். ஆனால் வாங்குவார் இல்லாத பாட்டை அது தாங்காது. திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார் திருநகரியிலும் அரையர்கள் செய்யும் ஸேவை, வாங்குவாரை எதிர்நோக்கும் கலையன்று. அபிநயமும் தாளமும் வ்யாக்யானமும் தந்தை வழி மகனுக்குப் பல்லாண்டுப் பயிற்சியால் வருவன. அந்த ஆண்டுகளில் அப்பிள்ளை உண்ணவும் உடுக்கவும் வேண்டும்.

கைங்கரியம் செய்வார் கூலி கேட்கலாகாது என்று சொல்வது எளிது. கேளாமை பாடுவார்க்குரிய தர்மம். அவர் கேட்கும்படி வைக்காமை பாட்டைக் கேட்பார்க்கும் உத்ஸவம் நடத்துவார்க்கும் உரிய தர்மம். முதலாவதை நம்பாடுவான் காட்டினார். இரண்டாவதை நிவந்தம் வைத்தோர் காட்டினர். புஷ்பத்துக்கும் தளிகைக்கும் தீபத்துக்கும் உபயம் எழுதி வைப்போர், அருளிச்செயல் கற்கும் ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவுக்கும் அவ்வாறே ஓர் உபயம் எழுதி வைப்பது நம் முன்னோர் நெறியேயாகும்.