முகாமில் முதலில் ஏன் சின்னமுத்து ஊசி?

வெளிக்கிட்ட அவசரத்தில் விதைநெல்லைக்கூட எடுக்க முடியாமல் வந்தவர்கள் நம்மில் பலர். பாடசாலைக் கட்டடத்திலோ கூடாரத்திலோ ஒதுங்கிச் சில நாட்களுக்குள் மருத்துவமாது வந்து, "பிள்ளைகளை ஊசிக்குக் கொண்டு வாருங்கள்" என்கிறார். உலைக்கு அரிசி தேடும் நேரத்தில் இதற்கென்ன அவசரம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவசரம் உண்டு.

சின்னமுத்து காற்றினால் பரவும் நோய். நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் கிருமி 2 மணி நேரம் வரை நிற்கும். பாதுகாப்பில்லாதவர்கள் நடுவே ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றலாம். மேலில் சிவந்த பருக்கள் தோன்றுவதற்கு 4 நாட்கள் முன்னரே பரவத் தொடங்கிவிடும். நாம் பிள்ளையை ஒதுக்கி வைக்கும்போது நோய் அடுத்த கூடாரத்துக்குப் போயிருக்கும். நெருக்கமும் சத்துக்குறைவும் சேர்ந்தால் நியூமோனியா, வயிற்றோட்டம், கண்பார்வை இழப்பு, மரணம் வரை கொண்டுபோகும்.

இலங்கையில் இந்த ஊசி 1984இல் வந்தது. ஆயினும் 1999–2000இல் நோய் பெரிதாகப் பரவியது. 2001இல் இரண்டாம் ஊசி சேர்க்கப்பட்டது. 2019இல் நோய் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் மீண்டும் தலைகாட்டியது. ஊசி போடாதவர்கள் இருக்குமிடத்தை அது தேடி வரும்.

தோட்ட வேலியை நினைத்துப் பாருங்கள். ஒரு பொட்டு இருந்தாலே மாடு புகுந்துவிடும். நூறு பேரில் 95 பேராவது ஊசி போட்டிருந்தால்தான் வேலி நிற்கும். ஊசி போட முடியாத கைக்குழந்தையையும் கர்ப்பிணித் தாயையும் காப்பது அந்த வேலியே.

அட்டை தொலைந்துவிட்டதா? அதற்காக நின்றுவிட வேண்டாம். முன்பு போட்ட பிள்ளைக்கு இன்னொரு முறை போட்டாலும் கெடுதி இல்லை. புதிய அட்டை கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைக்குத் தடிமனா, இலேசான காய்ச்சலா? பெரும்பாலும் போடலாம். மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.

எந்த வயதில்? வழமையாக 9 மாதத்திலும் 3 வயதிலும். நோய் பரவும் காலத்தில் 6 மாதத்திலேயே போடச் சொல்வார்கள். அப்படிப் போட்டாலும் 9 மாத ஊசியைத் தவறவிடக்கூடாது.

ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால்? ஒரு கிழமையளவில் சிலருக்கு இலேசான காய்ச்சலும் பருவும் வந்து தானாகவே மாறும்.

நோய் வந்துவிட்டால், வேப்பிலை கட்டிப் பிள்ளையை உள்ளே மறைத்து வைக்காதீர்கள். வேப்பிலை இருக்கட்டும், வைத்தியரிடமும் காட்டுங்கள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தக்கூடாது. அடுத்தடுத்த இரண்டு நாட்கள் கொடுக்கப்படும் விற்றமின் ஏ கண்ணையும் உயிரையும் காக்கும். மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஊசி நாளும் நிவாரண நாளும் ஒன்றாக வரலாம். நடுகைக் காலத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுத்தவர்கள் நாம். அயலவர் ஒருவர் நிவாரண வரிசையில் நிற்கட்டும். தாய் பிள்ளையோடு ஊசி வரிசையில் நிற்கட்டும். விட்டு வந்த வயலை மீண்டும் உழலாம். பிள்ளையை இழந்தால் அப்படி மீட்க முடியாது.